சாட்சிக் கூண்டில் ஒரு துணை: அமெரிக்க நீதிமன்றத் துணைநாய்ச் சட்டங்களின் வரலாறு

சாட்சி சொல்லும் குழந்தையின் காலடியில் நாய் ஒன்று படுத்திருக்கலாம் என்று ஒரு சட்டமன்றம் சட்டம் இயற்றுகிறது. கேட்ட அளவில் இது விந்தையாகத் தோன்றும். சட்டத்திற்கு வேறு வேலை இல்லையா என்று வினவுவோரும் உளர். ஆயினும், அமெரிக்க ஐக்கிய நாட்டின் பல மாநிலங்கள் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் இத்தகைய சட்டங்களை இயற்றியுள்ளன. அவற்றின் பின்னே நெடுங்காலமாக நிகழ்ந்துவரும் ஒரு வழக்காடல் இருக்கின்றது. அஞ்சி நிற்கும் ஒருவரின் சொல்லை நீதிமன்றம் எவ்வாறு கேட்பது? அவ்வாறு கேட்கும்போது, குற்றஞ்சாட்டப்பட்டவரின் உரிமை குன்றாமல் எவ்வாறு காப்பது? இவ்விரு வினாக்களுக்கு இடையே சட்டம் நடந்த வழியை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மூவகை நாய்கள்

வரலாற்றினுள் புகுமுன் சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வது நலம். நாளேடுகள் எல்லா நாய்களையும் ஒரே பெயரால் அழைத்துவிடுகின்றன. சட்டம் அவ்வாறு செய்வதில்லை. மூன்று வகைகளை வேறுபடுத்துகிறது.

முதலாவது, பணிநாய். பார்வையற்றவரை வழிநடத்துவது, சக்கர நாற்காலியில் இருப்பவருக்குப் பொருளை எடுத்துத் தருவது போன்ற குறிப்பிட்ட செயல்களை உடற்குறையுடைய ஒருவருக்காகச் செய்யப் பயிற்சி பெற்றது இது. 1990இல் இயற்றப்பட்ட அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டம் இத்தகைய நாயைப் பொது இடங்களுக்கு உடன் அழைத்துச் செல்லும் உரிமையை அதன் உரிமையாளருக்கு உறுதி செய்கிறது.

இரண்டாவது, ஆறுதல் நாய். இதன் உரிமையாளர் பெரும்பாலும் ஒரு தொண்டர். தம் வீட்டு நாயைத் தேர்வுக்கு உட்படுத்திப் பதிவு செய்துகொண்டு மருத்துவமனை, முதியோர் இல்லம், பள்ளி ஆகியவற்றுக்கு அவர் அழைத்துச் செல்வார்.

மூன்றாவது, நம் பேச்சுக்குரிய துணைநாய். இது தனி ஒருவருக்காக அன்றி, ஒரு நிறுவனத்தின் பணிக்காகவே பயிற்றப்படுகிறது. குட்டிப் பருவத்தில் தன்னார்வலர் இல்லத்தில் வளர்ந்து, பின்னர் பயிற்சி நிலையத்தில் தொழில்முறைப் பயிற்சி பெற்று, ஏறத்தாழ இரண்டு வயதில் பணிக்கு வருகிறது. அரசு வழக்குரைஞர் அலுவலகத்திலோ குழந்தைகள் பாதுகாப்பு மையத்திலோ பணியாற்றும் ஒருவர் அதன் பொறுப்பாளராக இருப்பார். லாப்ரடார், கோல்டன் ரெட்ரீவர் ஆகிய அமைதியான இனங்களே பெரும்பாலும் தெரிவு செய்யப்படுகின்றன. மணிக்கணக்கில் அசையாமல் படுத்திருப்பதும், அழுகுரலோ உரத்த பேச்சோ கேட்டால் கலங்காமல் இருப்பதும் இதற்குரிய தகுதிகள்.

இம்மூன்றையும் பிரித்தறிவது வெறும் சொல்லாய்வு அன்று. எந்த நாயை மன்றத்தினுள் அனுமதிப்பது என்பதே பின்னாளில் சட்டமன்றங்கள் முடிவு செய்ய வேண்டியிருந்த முதல் வினா.

குழந்தையின் சொல்லும் அதன் எடையும்

குழந்தை சாட்சி சொல்லத் தகுதியுடையதா என்பது ஆங்கிலேயச் சட்ட மரபில் பழைய சிக்கல். 1779இல் இங்கிலாந்தில் எழுந்த பிரேசியர் வழக்கில், சாட்சியம் அளிப்பதற்கு இன்ன வயது என்று வரையறை இல்லை. உறுதிமொழியின் தன்மையைக் குழந்தை உணர்ந்திருக்கிறதா என்பதே அளவுகோல் என்று நீதிபதிகள் கருதினர். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1895இல் வீலர் வழக்கில், ஐந்தரை வயதுச் சிறுவனின் சாட்சியத்தை ஏற்றது தவறன்று எனத் தீர்ப்பளித்தது. ஆகவே, குழந்தை பேசலாம் என்பது நூறாண்டுகளுக்கு முன்பே முடிந்துபோன செய்தி.

முடியாதிருந்தது வேறொன்று. பேசலாம் என்று சட்டம் சொன்னாலும், குழந்தையால் பேச முடிகிறதா? தனக்குத் தீங்கிழைத்தவர் சில அடி தொலைவில் அமர்ந்திருக்க, அறிமுகமில்லாத பெரியவர்கள் கூடிய அவையில், தன் வாழ்வின் மிகக் கொடிய நிகழ்ச்சியை விவரிக்க வேண்டும். பின்னர் எதிர்த்தரப்பு வழக்குரைஞரின் குறுக்கு விசாரணைக்கு விடையிறுக்க வேண்டும். வாய் திறவாமல் குழந்தை நின்றுவிட்டால் வழக்கே சரிந்துவிடும். குழந்தைகள் மீதான பாலியல் வன்முறையில் வேறு சாட்சிகள் இருப்பது அரிது. குழந்தையின் சொல்லே பல வேளைகளில் ஒரே சான்று.

1980களில் இச்சிக்கல் அமெரிக்காவில் பெரிதாக உணரப்பட்டது. 1985இல் அலபாமா மாநிலத்தின் ஹன்ட்ஸ்வில் நகரில், மாவட்ட அரசு வழக்குரைஞராய் இருந்த பட் கிரேமரின் முயற்சியால் நாட்டின் முதல் குழந்தைகள் பாதுகாப்பு மையம் தோன்றியது. காவலர், மருத்துவர், வழக்குரைஞர், உளநல வல்லுநர் என ஒவ்வோர் அலுவலகமாகக் குழந்தையை அலைக்கழிக்காமல், அனைவரும் குழந்தை இருக்கும் இடத்திற்கு வரவேண்டும் என்பது அதன் அடிப்படைக் கருத்து.

நேருக்கு நேர் நிற்கும் உரிமை

மறுபுறம், அமெரிக்க அரசியலமைப்பின் ஆறாவது திருத்தம் உள்ளது. 1791இல் நடைமுறைக்கு வந்த இத்திருத்தம், குற்றஞ்சாட்டப்பட்டவர் தமக்கு எதிரான சாட்சிகளை நேருக்கு நேர் எதிர்கொள்ளும் உரிமையை வழங்குகிறது. மறைவில் இருந்துகொண்டு ஒருவர் மீது பழி சுமத்தி அவரைச் சிறைக்கு அனுப்பும் வழக்கத்திற்கு எதிராக எழுந்த அரண் இது. இதனை எளிதில் தள்ளிவிட இயலாது.

1988இல் கோய் எதிர் ஐயோவா வழக்கு உச்ச நீதிமன்றம் வந்தது. பதின்மூன்று வயதுச் சிறுமியர் இருவர் சாட்சி சொன்னபோது, அவர்களுக்கும் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கும் இடையே ஒரு திரை வைக்கப்பட்டிருந்தது. அந்தத் திரை நேர்காணும் உரிமையை மீறியது என மன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஸ்காலியா.

இரண்டே ஆண்டுகளில், 1990இல், மேரிலாந்து எதிர் கிரேக் வழக்கில் மன்றம் வேறு முடிவுக்கு வந்தது. வேறோர் அறையிலிருந்து ஒருவழித் தொலைக்காட்சி வாயிலாகக் குழந்தை சாட்சி சொல்வதை, ஐவருக்கு நால்வர் என்ற சிறு பெரும்பான்மையில் நீதிபதிகள் ஏற்றுக்கொண்டனர். பெரும்பான்மைத் தீர்ப்பை நீதிபதி ஓ'கானர் எழுதினார். ஸ்காலியா கடுமையாக மறுத்தெழுதினார். ஆயினும், பெரும்பான்மையினரும் ஒரு கட்டுப்பாட்டை விதித்தனர். அந்தக் குறிப்பிட்ட குழந்தைக்கு அத்தகைய ஏற்பாடு தேவை என்பது அந்த வழக்கிலேயே மெய்ப்பிக்கப்பட வேண்டும். எல்லாக் குழந்தைகளும் அஞ்சுவர் என்ற பொதுக்கூற்று போதாது.

இந்தத் தேவை என்னும் சொல்லை மாணவர்கள் மனத்திற் கொள்ள வேண்டும். கால் நூற்றாண்டு கழித்து நாய்களைப் பற்றிய வழக்குகளிலும் இதே சொல்லே மீண்டும் எழுந்தது.

கரடிப் பொம்மை வந்த வழி

நாய்க்கு முன்னே மன்றத்தினுள் நுழைந்தது பொம்மை. அதற்கும் முன்னே, துணைக்கு ஒரு பெரியவர். 1990ஆம் ஆண்டின் கூட்டரசுச் சட்டம், குழந்தைச் சாட்சியின் அருகில் நம்பிக்கைக்குரிய பெரியவர் ஒருவர் இருக்கலாம் எனவும், குழந்தையின் கையைப் பற்றிக்கொள்ளலாம் எனவும் இடமளித்தது. ஆனால், அப்பெரியவர் குழந்தைக்கு விடை எடுத்துக் கொடுக்கலாகாது.

பொம்மையைப் பற்றி மாநில மன்றங்கள் ஒருமித்த கருத்துக் கொள்ளவில்லை. 1992இல் ஹவாய் மேல்முறையீட்டு மன்றம், கரடிப் பொம்மையுடன் ஒரு சிறுமி சாட்சி சொல்வதற்குக் கட்டாயத் தேவை காட்டப்படவில்லை என்று குறைகண்டது. 1994இல் நியூயார்க் மேல்முறையீட்டு மன்றம் அத்தகைய ஏற்பாட்டை ஏற்றுக்கொண்டது. சாட்சியை விசாரிக்கும் முறையை நெறிப்படுத்துவது விசாரணை நீதிபதியின் விருப்புரிமை என்பது பின்னதன் அடிப்படை. பொம்மை எதையும் மறைப்பதில்லை. குற்றஞ்சாட்டப்பட்டவர் சாட்சியைக் காண்கிறார். சாட்சி அவரைக் காண்கிறார். குறுக்கு விசாரணை தடையின்றி நடக்கிறது. திரைக்கும் பொம்மைக்கும் உள்ள இவ்வேறுபாடு முதன்மையானது. நாய் இந்தப் பொம்மையின் வழியிலேயே மன்றத்தினுள் வந்தது. திரையின் வழியில் அன்று.

சியாட்டில் நகரில் தொடக்கம்

நாயின் அண்மை மனத்திற்கு அமைதி தரும் என்பது பொதுமக்கள் அறிந்ததே. அதனை மருத்துவத் துறைக்குள் கொணர்ந்தவர்களுள் முதன்மையானவர், நியூயார்க்கைச் சேர்ந்த குழந்தை உளவியலாளர் போரிஸ் லெவின்சன். பேச மறுத்த ஒரு சிறுவன், லெவின்சனின் ஜிங்கிள்ஸ் என்ற நாயுடன் பழகத் தொடங்கியதை அவர் கண்டார். 1961இல் அமெரிக்க உளவியல் கழகத்தில் இதனை எடுத்துரைத்தார். 1962இல் கட்டுரையாகவும் வெளியிட்டார். நாயைத் துணைச் சிகிச்சையாளர் என அவர் வருணித்தது அன்று பலருக்கு நகைப்பாக இருந்தது. 1975இல் கலிபோர்னியாவில் தோன்றிய கேனைன் கம்பேனியன்ஸ் என்னும் நிறுவனம் பணிநாய்களை முறையாகப் பயிற்றுவிக்கும் மரபை வளர்த்தது.

நீதித்துறையில் இதன் தொடர்ச்சி 2003இல் வாஷிங்டன் மாநிலத்தின் சியாட்டில் நகரில் நிகழ்ந்தது. கிங் மாவட்ட அரசு வழக்குரைஞர் அலுவலகத்தில் பணியாற்றிய எல்லன் ஓ'நீல் ஸ்டீபன்ஸ், மாற்றுத்திறனாளியான தம் மகனுக்குரிய ஜீட்டர் என்ற பணிநாயை, மகனுக்குத் தேவைப்படாத நாள்களில் இளையோர் நீதிமன்றத்திற்கு அழைத்து வந்தார். அங்கே போதைப்பொருள் பழக்கத்திலிருந்து மீளும் இளையோர்க்கு ஜீட்டர் ஆறுதல் அளித்தது. அதனைக் கண்ட உடன்பணியாளர்கள், சாட்சி சொல்ல அஞ்சிய இரட்டைச் சகோதரியர்க்கும் அது உதவக்கூடும் என எண்ணினர், உதவவும் செய்தது.

இங்கு நோக்கத்தக்க ஒன்று உண்டு. ஜீட்டர் முதலில் அமர்ந்தது பாதிக்கப்பட்ட சாட்சிகளின் அருகில் அன்று. தவறிழைத்து மன்றத்தின் முன் நிறுத்தப்பட்ட இளையோரின் அருகில். நாய்க்குக் கட்சி இல்லை. அதனைக் கட்சிக்குரியதாக ஆக்குவதும் ஆக்காததும் மனிதரின் செயல்.

இவ்வனுபவத்தின் பின்னர், இப்பணிக்கென்றே பயிற்றப்பட்ட எல்லி என்னும் லாப்ரடார் நாய் அவ்வலுவலகத்திற்கு வந்து சேர்ந்தது. ஓ'நீல் ஸ்டீபன்ஸ், செலஸ்ட் வால்சன் என்னும் கால்நடை மருத்துவருடன் இணைந்து இம்முயற்சியைப் பிற மாநிலங்களுக்கும் எடுத்துச் செல்ல ஓர் அமைப்பைத் தோற்றுவித்தார். அக்காலத்தில் இதற்கென்று தனிச்சட்டம் எதுவும் இல்லை. நீதிபதி இசைந்தால் நாய் உள்ளே வரும். இசையாவிட்டால் வெளியே நிற்கும்.

ரோசியும் எல்லியும்: 2013இன் இரு தீர்ப்புகள்

நடைமுறை பரவவே எதிர்ப்பும் எழுந்தது. 2011ஆம் ஆண்டு நியூயார்க் மாநிலத்தின் பொகீப்சி நகரில், பதினைந்து வயதுச் சிறுமி ஒருத்தி தன் தந்தைக்கு எதிராகச் சாட்சி சொன்னாள். ரோசி என்னும் கோல்டன் ரெட்ரீவர் நாய் அவளருகே இருந்தது. தந்தை தண்டிக்கப்பட்டார், வழக்கு மேல்முறையீட்டுக்குச் சென்றது.

எதிர்த்தரப்பு வழக்குரைஞர்களின் வாதம் எளிதில் புறந்தள்ளத் தக்கதன்று. நாய், உடன் இருப்பவரின் மனவிறுக்கத்தை உணர்ந்து அவரை நெருங்குகிறது. அந்த இறுக்கம் உண்மையைச் சொல்லும் துயரத்தால் வந்ததா, பொய்யைச் சொல்லும் அச்சத்தால் வந்ததா என்பதை நாய் அறியாது. ஆனால், நாய் சிறுமியின்பால் சாய்வதைக் காணும் நடுவர் குழுவோ, அவள் உண்மையையே சொல்கிறாள் என்று எண்ணிவிடக் கூடும். மேலும், நாயைக் கண்டால் நல்லெண்ணம் பிறப்பது மனித இயல்பு. அந்த நல்லெண்ணம் ஒரு தரப்பின் பக்கம் மட்டும் சேர்வது முறையாகுமா?

நடுவர் குழு என்பது நம் நாட்டு மாணவர்க்குப் பழக்கமற்றது. சிங்கப்பூரில் 1969இல் இயற்றப்பட்ட சட்டத்தாலும், மலேசியாவில் 1995ஆம் ஆண்டு தொடக்கத்திலும் அம்முறை முற்றாக ஒழிந்தது. இங்கே சட்டம் பயின்ற நீதிபதியே உண்மையை முடிவு செய்கிறார். அமெரிக்காவிலோ கடுங்குற்ற வழக்குகளில், பொதுமக்களிலிருந்து தெரிவு செய்யப்பட்ட பன்னிருவர் பெரும்பாலும் அதனை முடிவு செய்கின்றனர். ஆகவேதான் அவர்கள் கண்ணில் எது படுகிறது, எது படவில்லை என்பது அங்கே பெரும் பொருளாகிறது.

2013இல் நியூயார்க் மேல்முறையீட்டு மன்றம் ரோசியின் உடனிருப்பை ஏற்றது. குழந்தைச் சாட்சிகளிடம் நீதிபதிகள் பரிவுடன் நடந்துகொள்ள வேண்டும் என்று முன்பே இருந்த மாநிலச் சட்டம் இதற்குப் போதிய அடிப்படை எனக் கொண்டது. நாயைக் கொண்டு எந்த முடிவுக்கும் வரலாகாது என்று விசாரணை நீதிபதி நடுவர் குழுவுக்கு அறிவுறுத்தியிருந்ததும் கருத்தில் கொள்ளப்பட்டது.

அதே ஆண்டில் வாஷிங்டன் மாநில உச்ச நீதிமன்றம் எல்லியைப் பற்றி முடிவு செய்தது. அவ்வழக்கில் சாட்சி குழந்தை அல்லர். அறிவு வளர்ச்சிக் குறைபாடு உடைய நடுத்தர வயதினர். அவர் வீட்டில் திருட்டு நடந்திருந்தது. எல்லி அருகில் இருக்க அவர் சாட்சி சொன்னார். மன்றம் தண்டனையை உறுதி செய்தது. விசாரணை நீதிபதி தம் விருப்புரிமையைத் தவறாகப் பயன்படுத்தவில்லை. நாயால் விசாரணையின் நேர்மை கெட்டதாகப் பதிவேட்டில் சான்றில்லை என்றது. அதே நேரத்தில், தகாத இரக்கத்தை நாய் தூண்டக்கூடும் என்பதால் மன்றங்கள் எச்சரிக்கையுடன் நடந்துகொள்ள வேண்டும் எனவும் சுட்டிக்காட்டியது.

நாய் ஆளா?

சொல்லாராய்ச்சியில் ஈடுபாடு கொண்டோர்க்குச் சுவை தரும் ஒரு வழக்கு 2012இல் கலிபோர்னியாவில் நிகழ்ந்தது. அம்மாநிலச் சட்டம், சில வகைச் சாட்சிகளுக்குத் துணையாட்கள் இருவரை அனுமதித்தது. ஆனால், சாட்சிக் கூண்டில் உடன் நிற்பவர் ஒருவராகவே இருக்க வேண்டும் என்றும் வரையறுத்தது. ஒரு சிறுமியுடன் கூண்டில் பெரியவர் ஒருவரும் நாய் ஒன்றும் இருந்தன. எண்ணிக்கை மீறப்பட்டது என்று எதிர்த்தரப்பு வாதிட்டது. நாய் ஓர் ஆள் அன்று. ஆதலின் ஆட்களைப் பற்றிய வரையறை அதற்குப் பொருந்தாது என்று மேல்முறையீட்டு மன்றம் கூறியது.

முடிவு சரியே. ஆனால், அது ஒரு குறையையும் வெளிப்படுத்தியது. நாய் ஆளும் அன்று. பொம்மையைப்போல உயிரற்ற பொருளும் அன்று. இருக்கும் சட்டங்கள் எதிலும் அதற்கெனச் சொல் இல்லை. சட்டத்தில் பெயரில்லாத ஒன்றுக்கு எல்லையும் இல்லை. எந்த நாய், யார் பொறுப்பில், எந்தச் சாட்சிக்கு, எந்த நிபந்தனையில் என்பவற்றையெல்லாம் ஒவ்வொரு நீதிபதியும் தனித்தனியே வகுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஒரே மாநிலத்தில் ஒரு மன்றத்தில் கிடைத்த துணை, அடுத்த மன்றத்தில் கிடைக்காமற் போகும் நிலை இதனால் உண்டாயிற்று.

கனெக்டிகட் மாநிலம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அங்கே 2014இல் இடைநிலை மேல்முறையீட்டு மன்றம், சிறுமிக்கு நாய் இன்றியமையாதது என அரசுத்தரப்பு மெய்ப்பிக்கவில்லை என்று கூறித் தண்டனையை நீக்கியது. 2016இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. சாட்சி நம்பகமாகவும் முழுமையாகவும் பேச நாய் உதவுமா என்பதை எடைபோட்டால் போதும். இன்றியமையாத் தேவையைக் காட்ட வேண்டியதில்லை என்றது. கிரேக் வழக்கின் தேவை என்னும் சொல் இங்கே மறுபடியும் வழக்காடப்பட்டதைக் காண்கின்றோம். திரையும் தொலைக்காட்சியும் நேர்காணும் உரிமையைக் குறைக்கின்றன. ஆகவே அவற்றுக்குக் கடும் அளவுகோல். நாய் அவ்வுரிமையைத் தொடுவதில்லை. ஆகவே மென்மையான அளவுகோல். பெரும்பாலான மன்றங்கள் வந்தடைந்த நிலை இதுவே.

சட்டமன்றங்கள் எழுதியவை

2015இல் ஆர்க்கன்சா மாநிலம், குழந்தைச் சாட்சிக்குத் துணைநாய் வழங்குவதற்கென்றே தனிச்சட்டம் ஒன்றை இயற்றியது. அதே ஆண்டில் இல்லினாய்ஸ் மாநிலமும் சட்டம் இயற்றி, 2016 தொடக்கத்தில் நடைமுறைப்படுத்தியது. கலிபோர்னியாவின் சட்டம் 2018 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்தது. எல்லியின் சொந்த மாநிலமான வாஷிங்டன் 2019இல் சட்டம் இயற்றியது. வேறு பல மாநிலங்களும் இவ்வழியிற் சென்றன.

இச்சட்டங்களை ஒப்பிட்டுப் படிப்போர்க்கு ஓர் உண்மை புலப்படும். அவை நாயை அனுமதிப்பதற்காக எழுதப்பட்டவை போலத் தோன்றினும், அவற்றின் பெரும்பகுதி நாய்க்கு வரம்பு கட்டுவதாகவே உள்ளது.

முதல் வரம்பு, தகுதி பற்றியது. இல்லினாய்ஸ் சட்டம், அனைத்துலக உதவிநாய்க் கூட்டமைப்பில் உறுப்பியம் பெற்ற நிறுவனத்தில் பயிற்சி முடித்த நாயையே ஏற்கிறது. நல்ல குணமுள்ள வீட்டு நாய் என்பது போதாது. கலிபோர்னியா, பயிற்சி பெற்ற துணைநாயோடு பதிவு பெற்ற ஆறுதல் நாய்க்கும் இடமளிக்கிறது. இங்கேதான் முன்னர்க் கூறிய மூவகைப் பாகுபாடு பயன்படுகிறது.

இரண்டாவது வரம்பு, நடைமுறை பற்றியது. வாஷிங்டனில் நாயை வேண்டும் தரப்பு முன்கூட்டியே மனு அளிக்க வேண்டும். நாயின் பயிற்சிச் சான்று, காப்புறுதி, சாட்சிக்கும் நாய்க்கும் உள்ள பழக்கம், நாய் உதவும் என நம்புவதற்கான காரணம் ஆகியவற்றை மனுவில் எடுத்துரைக்க வேண்டும். மறுதரப்பு எதிர்த்து வாதிடலாம்.

மூன்றாவது வரம்பு, நடுவர் குழுவின் கண்களைப் பற்றியது. வாஷிங்டன் சட்டப்படி, இயன்றவரை நாய் நடுவர் குழுவினர் கண்ணிற் படாதவாறு நீதிபதி பார்த்துக்கொள்ள வேண்டும். சாட்சியும் நாயும் கூண்டில் அமர்ந்த பின்னரே குழுவினர் அழைத்துவரப்படுவது இதற்குரிய எளிய வழி. குழுவினரைத் தெரிவு செய்யும்போதே, நாய் இருப்பது அவர்கள் மனத்தைச் சாய்க்குமா என்று இரு தரப்பும் வினவலாம். எத்தரப்பு வேண்டினாலும் நீதிபதி தக்க அறிவுரையைக் குழுவுக்கு வழங்க வேண்டும்.

மாநிலத்துக்கு மாநிலம் ஒரே ஒரு வினைச்சொல் வேறுபடுவதும் உண்டு. சில சட்டங்கள் நீதிபதி அனுமதிக்கலாம் என்கின்றன. வேறு சில, நாய் கிடைக்கும் இடத்தில் அனுமதிக்க வேண்டும் என்கின்றன. ‘லாம்’ என்னும் ஈறு நீதிபதிக்கு உரியது. ‘வேண்டும்’ என்னும் சொல் குழந்தைக்கு உரியது. முன்னதில் துணை என்பது சலுகை, பின்னதில் உரிமை. இலக்கணம் கற்பிக்கும் ஆசிரியர்கள், வினைமுற்றின் ஆற்றலை விளக்க இதனினும் சிறந்த சான்று தேட வேண்டியதில்லை.

தீராத வினாக்கள்

சட்டம் இயற்றப்பட்டதனால் எல்லாம் தீர்ந்துவிடவில்லை. நாய் பெரும்பாலும் அரசு வழக்குரைஞர் அலுவலகத்தைச் சேர்ந்தது. குற்றஞ்சாட்டப்பட்டவர் தரப்பிலும் அஞ்சும் குழந்தை ஒன்று சாட்சி சொல்ல நேரிடலாம். அதற்கும் அந்நாய் வருமா? ஆர்க்கன்சா சட்டம் இரு தரப்புக்கும் இவ்வாய்ப்பை அளிக்கிறது. ஏட்டில் உள்ள இச்சமன்பாடு மன்றத்தில் எவ்வளவு கிடைக்கிறது என்பதே கேட்கப்பட வேண்டிய கேள்வி.

நாயின் உடனிருப்பு தீர்ப்பை மாற்றுகிறதா என்பதும் ஆராயப்படுகிறது. மாதிரி நடுவர் குழுக்களை அமைத்து நிகழ்த்திய சில ஆய்வுகள், அஞ்சப்பட்ட அளவுக்குச் சாய்வு ஏற்படவில்லை எனக் காட்டின. ஆயினும், மாதிரி மன்றம் வேறு. ஒருவரின் விடுதலை தொங்கிக்கொண்டிருக்கும் மெய்யான மன்றம் வேறு. இவ்வாய்வுகளை முடிந்த முடிபாகக் கொள்வது அறிவுடைமை ஆகாது.

நாயின் நலமும் மறக்கத்தக்கதன்று. பிறர் துயரை நாள்தோறும் அருகிருந்து தாங்கும் விலங்கும் களைப்படையும். அதனை ஓய்வுக்கும் விளையாட்டுக்கும் அழைத்துச் செல்வது பொறுப்பாளரின் கடமை. நாயால் எனக்குக் களைப்பாக இருக்கிறது என்று சொல்ல இயலாது. சொல்ல இயலாத குழந்தைக்காக வந்த நாய்க்கும், அதற்காகச் சொல்ல ஒருவர் தேவைப்படுகிறார்.

நமக்கு என்ன?

இது அமெரிக்கரின் வரலாறு. அவர்களின் நடுவர் குழுமுறையிலிருந்தும் அரசியலமைப்பிலிருந்தும் கிளைத்தது. அதனை அப்படியே எடுத்து வேறு மண்ணில் நடுவது பொருந்தாது. மலேசியாவில் 2007ஆம் ஆண்டின் குழந்தைச் சாட்சியச் சட்டம், திரை, நேரலைத் தொடர்பு, காணொளிப் பதிவு ஆகிய வழிகளையும், பெரியவர் ஒருவரின் துணையையும் வகுத்துள்ளது. 2017இல் புத்ராஜெயாவில் குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றங்களுக்கெனத் தனி நீதிமன்றம் தொடங்கப்பட்டது. இன்ன துணை என்பதை அந்தந்த நாட்டின் பண்பாடும் சமயமும் சட்ட மரபும் முடிவு செய்யும். துணை வேண்டும் என்பது மட்டும் எல்லா நாட்டுக்கும் பொது.

இவ்வரலாற்றிலிருந்து மாணவர்கள் கைக்கொள்ளத் தக்கது, சட்டம் வளரும் முறை. இங்கே சட்டம் முதலில் வரவில்லை. அஞ்சிய இரு சிறுமியர் இருந்தனர், அவர்களைக் கண்டு இரங்கிய அலுவலர்கள் இருந்தனர், நாய் வந்தது. பின்னர் எதிர்வாதம் வந்தது. அவ்வெதிர்வாதத்தை மன்றங்கள் செவிமடுத்தன. அதற்கும் பின்னரே சட்டமன்றங்கள் எழுதின. இன்றுள்ள பாதுகாப்பு வரம்புகளுள் பல, எதிர்த்தரப்பு வழக்குரைஞர்கள் எழுப்பிய ஐயங்களுக்கு விடையாக எழுந்தவையே. இரக்கம் மட்டும் எழுதியிருந்தால் அச்சட்டம் குழந்தைக்கு உதவியிருக்கும். குற்றமற்ற ஒருவரைச் சிறைக்கு அனுப்பவும் கூடும். ஐயம் மட்டும் எழுதியிருந்தால் மன்றம் நேர்மையாக இருந்திருக்கும். குழந்தை பேசாமலே வீடு திரும்பியிருக்கும். இரண்டும் ஒரே அவையில் அமர்ந்து எழுதியதனால்தான், குழந்தையின் காலடியில் நாய்க்கு ஓர் இடமும், நடுவர் குழுவின் கண்ணுக்கு ஒரு மறைப்பும் ஒருங்கே கிடைத்தன.

வகுப்பறையிலும் இது பொருந்தும். எழுந்து நின்று விடை சொல்ல நாத்தடுமாறும் மாணவன் விடை அறியாதவன் என்று கருதிவிடுகின்றோம். அவன் அறிந்தது வேறு. அதனைச் சொல்ல அவனுக்கு வேண்டிய சூழல் வேறு. இவ்விரண்டையும் பிரித்தறிய நீதிமன்றங்களுக்கு நெடுங்காலம் பிடித்தது. பள்ளிகளுக்கு அத்துணைக் காலம் தேவையில்லை.